நூல் அவிழ்த்த தகடு

எம்டன் கப்பல் விடியும் முன்னே பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, அங்கே நங்கூரம் போட்டிருந்த போர்க்கப்பலைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டுப் போயிற்று அல்லவா, அதற்கு மறு வருஷம் இது நடந்தது. ஊரில் வெளிச்சத்தைக் கண்டாலே பயம். விளக்கு வைத்த கையோடு ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். மீன்பிடிக்கப் போகிறவன் படகில் லாந்தரை ஏற்றினால், கரையில் நின்றவன் அது யாருக்குச் சைகை என்று யோசித்தான். இந்த நிலைமையில் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பிடிபட்டவர்களைச் சிறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள் என்று கப்பலில் வந்து இறங்கியவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு பள்ளிவாசலில்கூட ஆட்கள் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்ததும் தனித்தனியாக நடந்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில் பினாங்கு டத்தோ கிராமாட்டில் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில், கூரை திறந்து மூடும் கொட்டகைக்குள், பீரங்கி போன்ற ஒரு நீளக் குழாயைத் தென்திசைக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். கொட்டகை சண்டை வருவதற்கு முன்பே கட்டியதுதான். ஆனால் பயந்துபோன ஊருக்கு அந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இருக்குமா?

அவர் பெயர் நூர் முகம்மது. வீட்டின் முன்பக்கம் போட்டோக் கடை, நடுவில் குடித்தனம், பின்னால் கிணறு, வாழை, ஒரு ரம்புத்தான் மரம், அந்தக் கொட்டகை. மனைவி சித்தி ஹாஜரா. பிள்ளைகள் இல்லை. இந்தக் கதை முடிகிறவரை நீங்கள் ஹாஜராவின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். இருட்டான இடங்கள் வரும்.

புதன்கிழமை காலை அந்தக் கடைக்குள் ஆண்கள் வரக்கூடாது. கோஷா வீட்டுப் பெண்கள் மூடுவண்டியில் வந்து இறங்கும் நேரம் அது. நூர் முகம்மது கடைத்தெருப் பக்கம் போய்விடுவார். படம் எடுப்பவள் ஹாஜரா, கழுவுபவள் ஹாஜரா, அச்சுப் போட்டு உறைக்குள் வைத்து ஒட்டி, வந்தவர்கள் கையிலேயே கொடுப்பவளும் அவள்தான். அப்போதெல்லாம் படம் பிடிப்பது கண்ணாடித் தகட்டில். ஒரு பக்கம் பாலாடை போல மருந்துப் பூச்சு. தகடு ஒரு தட்டையான மரப்பெட்டிக்குள் இருட்டில் இருக்கும். வெளிச்சம் பட்ட தகடா படாத தகடா என்று கழுவும்வரை யாராலும் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால் போச்சு. ஆகவே பெண்கள் படம் பிடித்த பெட்டியை ஹாஜரா பச்சை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். பச்சை நூல் கட்டிய பெட்டியை நூர் முகம்மது தொடமாட்டார். யாருடைய படம் என்று கேட்கவும் மாட்டார். கல்யாணமான நாள் முதல் இது அவர்களுக்குள் ஏற்பாடு.

கழுவுவதும் லேசான வேலையில்லை. நம் ஊர்த் தண்ணீரின் வெதுவெதுப்புக்கே அந்தப் பூச்சு இளகி, வெந்த கூழ்போல் கண்ணாடியை விட்டு நழுவிவிடும். அதனால் ஐஸ் கட்டி வாங்கி மரத்தூளில் புதைத்து வைத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் கழுவுவார்கள். ஐஸ் வாங்கும் நாள்வரை பெட்டிகள் இருட்டறை அலமாரியில் காத்திருக்கும்.

அந்த வாரம் அலமாரியில் பச்சை நூல் கட்டிய பெட்டி ஒன்றே ஒன்றுதான். துறைமுகத்துப் பக்கம் பெரிய கடை வைத்திருந்த ஒருவரின் மகள். அந்த மனிதர் மகா கண்டிப்பு. உருவப் படம் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது. மகளை நாகூர்ப் பக்கம் நிச்சயம் செய்திருந்தார்கள். கப்பல் ஏறினால் திரும்பி வருவாளோ மாட்டாளோ. தாய்க்காரி, பெண்ணை வைத்தியச்சியிடம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள்.

"முகம் மட்டும் போதும் தங்கச்சி. பாக்கணும்னு தோணுறப்ப பாத்துக்குவேன். எங்க வீட்டு மனுஷருக்குத் தெரிஞ்சா என்னை உசிரோட விடமாட்டாரு" என்றாள் தாய்.

"என் கையை விட்டு வேற கைக்குப் போகாது அக்கா. அல்லா சாட்சி" என்று ஹாஜரா சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களும் தேடவேண்டாம்.

இனி அந்தக் குழாய். தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்டுப்போன தொலைநோக்கி அது. மலாய்க்காரர்கள் தெரோப்போங் என்பார்கள். அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு அது பீரங்கி. நூர் முகம்மது அதன் கண் வைக்கும் வாயில் தகட்டுப் பெட்டியைப் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். தெற்கே, கண்ணுக்கு மங்கலான ஒரே நட்சத்திரம் போலத் தெரியும் ஒன்றைக் குழாய் வழியே பார்த்தால் அது ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் திரள். ஹாஜரா முதல்முறை பார்த்தபோது, கறுப்புத் தாம்பாளத்தில் ரவையைக் கொட்டினது மாதிரி இருக்கிறது என்றாள். நடுவில் குவியல், ஓரம் போகப் போகச் சிதறல்.

"லண்டன்ல இருக்கிறவன் எவ்வளவு பெரிய தெரோப்போங் வச்சிருந்தாலும் இதைப் பாக்க முடியாது புள்ள. அவனுக்கு இது தரைக்குக் கீழ. நமக்கு மட்டும் கொல்லையில வந்து நிக்குது. ஒரே ஒரு நல்ல படம் பிடிச்சிட்டேன்னா போதும்" என்பார் அவர்.

பல இரவுகள் முயன்றார். ஒரு நாள் மழை, ஒரு நாள் பனிமூட்டம், ஒரு நாள் குழாய் நழுவி நட்சத்திரமெல்லாம் புழுப் புழுவாக நீண்டு போயிற்று. வீட்டில் எந்த நேரமும் வானத்தைப் பற்றித்தான் பேச்சு.

அன்று பகல், அடுத்த வீட்டு வடிவம்மாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏ ஹாஜரா, உங்க ஊட்டு பீரங்கி இன்னைக்குச் சுடுமா?"

"சுடும் சுடும். மொத குண்டு உன் சமையக்கட்டுக்குத்தான்."

எப்போதும் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"சிரிக்காதடி. பாசார்ல மீன் வாங்கிட்டு இருக்கேன், பக்கத்துல ரெண்டு பேரு பேசுறாங்க. டத்தோ கிராமாட்ல ஒரு வீட்டுக் கொல்லையில செவப்பு வெளக்கு மேல ஏறுதாம், எறங்குதாம். கடல்ல நிக்குற ஜெர்மன் கப்பலுக்குச் சேதி போவுதாம்."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்னலா? எல்லாரும் சொல்றாங்க. உன் வீட்டுக்காரரு தாடியும் தொப்பியுமா, ஜெர்மன்காரனோட சேந்த துருக்கிக்காரன் மாதிரியே இருக்காருன்னு வேற ஒருத்தன் சொல்லிச் சிரிக்கிறான். இன்னொன்னு கேளு. போட்டோக் கடையெல்லாம் சோதனை போடுறாங்களாம். ஒரு சீனர் கடையில பெட்டி பெட்டியாத் தொறந்து கொட்டிட்டாங்களாம். உங்கிட்ட பொம்பளைங்க படம் எல்லாம் இருக்குமேடி..."

வடிவம்மாள் போன பிறகு ஹாஜராவுக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. இருட்டறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தாள். வரிசையாகப் பெட்டிகள், ஒன்றில் மட்டும் பச்சை நூல். தேடி வருகிறவன் கண்ணில் முதலில் அதுதானே படும்? 'இதில் என்ன ஒளித்திருக்கிறாய்' என்று அதைத்தானே முதலில் பிடுங்குவான்? நூல்தான் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தோன்றிற்று. முடிச்சை அவிழ்த்தாள். நூலை அடுப்பில் போட்டாள். பெட்டியை வரிசையின் கடைசியில், கறுப்புத் துணிக்கு அடியில் வைத்தாள். இப்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி. கணவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்தாள், கண்ணுகளா. வேறு என்ன சொல்ல?

மாலையில் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. அது ஓய்ந்ததும் வானம் கழுவி விட்டது போல ஆயிற்று. இரவு இஷாத் தொழுகை முடித்து வந்த நூர் முகம்மது செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினார். ஹாஜரா அடுப்பில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹாஜரா! தொறந்திருச்சு! வானம் தொறந்திருச்சு! கடிகாரத்துக்குச் சாவி கொடு, நான் பெட்டி எடுத்திட்டு வர்றேன்!"

"என்னங்க, ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லு புள்ள, மேகம் வந்துரும்!"

குழாயின் மேல் வெளிச்சம் விழாமலிருக்கப் போர்த்துவதற்குக் கறுப்புத் துணி வேண்டும். அவர் இருட்டறை அலமாரியில் கையை விட்டுத் துணியை உருவினார். அதன் அடியில் கைக்குத் தட்டுப்பட்ட பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். நூல் இல்லாத பெட்டி. அவர் அறிந்தவரை அது புதுத் தகடு.

ஹாஜரா மீன் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது கூரை திறந்திருந்தது. எடைக்கல் தொங்கும் கடிகார இயந்திரம் டக் டக் என்று குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. வானம் நகரும் வேகத்துக்குக் குழாயும் நகர வேண்டும், இல்லையென்றால் புழுதான். பக்கத்தில் கட்டியிருந்த சின்னக் குழாயில், குறுக்குக் கம்பியின் மேல் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திக் கண் எடுக்காமல் காவல் இருந்தார் அவர். கம்பி தெரிவதற்குச் சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டியது ஹாஜராவின் வேலை.

"தூக்கு... இன்னும் கொஞ்சம்... போதும், எறக்கு."

அவள் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கியபோது கை நின்றுவிட்டது. திறந்த கூரைக்கு மேலே ரம்புத்தான் மரத்து இலைகளில் சிவப்பு ஏறி, இறங்குவதை அவளே பார்த்தாள். வெளியே நிற்பவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? நட்சத்திரம் பார்க்கிற வீடு மாதிரியா தெரியும்?

"இன்னைக்குப் போதுங்க. எனக்கு என்னமோ பண்ணுது. வடிவு வந்து சொன்னா, மாத்தா சோதனைக்கு வர்றாங்களாம்." மாத்தா என்றால் அங்கே போலீஸ்.

"வரட்டுமே. வந்தா காட்டுவோம். ரவையைக் காட்டினா ஓடிப் போயிருவான்" என்று அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "இப்ப விட்டா இந்த மாதிரி வானம் எப்ப வரும்? விளக்கைத் தூக்கு."

அவள் தூக்கினாள். தூரத்தில் நாய் ஒன்று குரைத்தது. அதற்குப் பதிலாக அடுத்த சந்தில் ஒன்று. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. நாய் குரைப்பதைவிட அது நிற்பதுதான் பயம். தெரிந்தவர்களைக் கண்டு நிற்கவில்லை அவை. கல்லைக் கண்டோ கம்பைக் கண்டோ நின்றிருக்கின்றன.

பின்வாசல் படல் தள்ளப்பட்டது. லாந்தர்கள் உள்ளே வந்தன.

"யாரது? விளக்கை அணைங்க! மொதல்ல விளக்கை அணைங்க!" என்று நூர் முகம்மது கத்திக்கொண்டே பெட்டியின் மூடியைச் சட்டென்று இழுத்துச் சாத்தினார்.

"அண்ணே, மாத்தா வந்திருக்கோம். எங்களையே விளக்கை அணைக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?" என்றது ஒரு தமிழ்க் குரல். அந்தக் குரலுக்குரியவர் பக்கிரிசாமி. போலீசில் தமிழுக்கும் மலாய்க்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் மனிதர். அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் துரை, இன்னும் இரண்டு காவலர்கள்.

ஹாஜரா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

துரை கோபக்காரராகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. அவர் குழாயைச் சுற்றி நடந்தார். கடிகாரத்தின் டக் டக்கைக் குனிந்து கேட்டார். சிவப்பு விளக்கைத் தாமே கையில் எடுத்து ஒருமுறை மேலே தூக்கி, ஒருமுறை கீழே இறக்கிப் பார்த்தார்.

"இந்தக் குழாயில என்ன தெரியும்னு கேக்குறாரு" என்றார் பக்கிரிசாமி.

"நட்சத்திரம். ஆயிரக்கணக்குல. வந்து பாக்கச் சொல்லுங்க, இந்தாங்க, இந்தச் சின்னக் குழாய்ல கண்ணை வச்சு..."

துரை கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தெற்கே மேகம் ஏறி, இருந்த நட்சத்திரத்தையெல்லாம் விழுங்கியிருந்தது.

"ஒண்ணுமே தெரியலையாம்ணே. இருட்டுதான் தெரியுதாம். இருட்டை எதுக்குப் படம் பிடிக்கிறேன்னு கேக்குறாரு."

துரை குழாயின் வாயிலிருந்த பெட்டியைத் தட்டினார். "புக்கா" என்றார். திற என்று மலாயில்.

"தொறந்தா அழிஞ்சு போயிரும்! நட்சத்திரம் அதுக்குள்ளதான் இருக்கு. கழுவித்தான் பாக்கணும். காலையில ஐஸ் வாங்கிக் கழுவிக் காட்டுறேன்" என்றார் நூர் முகம்மது.

பக்கிரிசாமி சொன்னதைக் கேட்டுத் துரை தலையை ஆட்டினார். காலைக்குள் உள்ளே இருக்கும் தகடு மாறிவிடலாம் அல்லவா? இப்போதே கழுவ வேண்டும். சொன்னபடி நட்சத்திரம் இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவாராம். இல்லையென்றால் நூர் முகம்மது அவருடன் வர வேண்டும். எங்கே என்று சொல்லவில்லை. சிங்கப்பூருக்குக் கப்பல் என்றைக்கு என்று மட்டும் ஒரு காவலனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஐஸ் இல்லாமக் கழுவினா பூச்சு வழிஞ்சிரும்" என்று ஹாஜரா வாய் திறந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

"வழியாமக் கழுவுங்க அக்கா. வேற வழி இல்ல" என்றார் பக்கிரிசாமி. அவர் குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

இருட்டறையில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. துரை முன்கடையில், படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாஜரா, விளக்குப் பிடிக்க நூர் முகம்மது, கண்காணிக்கப் பக்கிரிசாமி. கதவு சாத்தியதும் மூன்று பேர் மூச்சும் ஒன்றாகிப் புழுங்கிற்று. மண்பானைத் தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரைவிடத் தேவலை, அவ்வளவுதான். படிகாரத்தை இடித்துக் கரைத்தாள். படிகாரம் பூச்சைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச நேரம்.

பிஸ்மில்லா சொல்லித் தகட்டை மருந்தில் இறக்கி, தட்டை மெல்ல ஆட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி. இன்னொன்று. தகட்டில் எல்லாம் தலைகீழ்; வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெறும் கண்ணாடியாகும். கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் எழும்பின. ஒரு மூலையில் அவை நெருங்கி, இன்னும் நெருங்கி, வெல்லக் கட்டியில் எறும்பு மொய்த்தது போலத் திரண்டன. ஒரு நட்சத்திரம்கூட நீளவில்லை. ஒவ்வொன்றும் ஊசி குத்தியது போல் இருந்தது.

"வந்திருச்சு" என்றார் நூர் முகம்மது. "ஹாஜரா, வந்திருச்சு புள்ள. பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா?"

"அட, ஆமாண்ணே" என்றார் பக்கிரிசாமி. அவரும் பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வேறு எதுவோ எழும்பத் தொடங்கிற்று.

முதலில் ஒரு வளைவு. தாடை. அப்புறம் கன்னம் கறுத்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு பொட்டு. கண்கள் இரண்டும் வெறுமையாக, மருந்துக்கு அடியிலிருந்து ஹாஜராவைப் பார்த்தன. ஆண்கள் இருவர் கண்ணும் இன்னும் புள்ளிகளின் மேலேயே இருந்தது. கடைசிப் பெட்டி. துணிக்கு அடியில் வைத்த பெட்டி. அந்தப் பெண்ணின் பின்னால் அவள்தான் கறுப்பு வெல்வெட்டைத் தொங்கவிட்டிருந்தாள். அந்த வெறும் கறுப்பில்தான் நட்சத்திரங்கள் விழுந்திருக்கின்றன, காதோரம் செருகிய மல்லிகைச் சரம் போல. இப்படி ஒரு படத்தை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கணம், ஒரே கணம், அவள் அதைப் பார்த்தாள்.

அடுத்த கணம் கணக்குப் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முகம் முழுதாக வந்துவிடும். துரை அதை அச்சுப் போடச் சொல்வார். படம் ஸ்டேஷனுக்குப் போகும். ஒவ்வொரு கையாக மாறும். யார் இந்தப் பெண் என்று கடைத்தெருவில் காட்டி விசாரிப்பார்கள். அந்தத் தகப்பன் கண்ணிலும் படும். தாய் என்ன ஆவாள்? மகள் என்ன ஆவாள்? தகட்டை வழியவிட்டால் முகம் போய்விடும்; நட்சத்திரமும் போய்விடும், கூடவே அவரும்.

தகட்டின் ஓரத்தில் பூச்சு சுருங்கத் தொடங்கியிருந்தது. இளகிவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி தெரிந்தது. உடம்பைத் திருப்பி முதுகால் விளக்கை மறைத்து, கட்டைவிரலை அந்தக் கன்னத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். பாலாடை விலகுவது போல முகம் விரலோடு வந்துவிட்டது. கண், மூக்கு, மூக்குத்தி, எல்லாம்.

"என்னடி பண்றே!" என்று நூர் முகம்மது அலறினார். "என் நட்சத்திரம்! கையை எடு!"

"அக்கா! என்ன அது, எதை அழிக்கிறீங்க?" என்று பக்கிரிசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்ததும், பெண் கை என்பது உறைத்து, விட்டுவிட்டார்.

அவள் தகட்டைப் படிகாரத் தண்ணீரில் போட்டு, அப்புறம் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் போட்டாள். கிழிந்த இடத்திலிருந்து பூச்சு மெல்ல மடிந்துகொண்டே போய், நட்சத்திரத் திரளின் விளிம்பில் வந்து நின்றது. திரள் தப்பிவிட்டது.

முன்கடை வெளிச்சத்தில் துரை அதை வாங்கிப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார், முகத்தில் ஓர் இளக்கம் வந்தது. தாமும் சின்ன வயதில் ஊரில் நட்சத்திரம் பார்த்திருப்பதாகப் பக்கிரிசாமியிடம் சொன்னார். பிறகு தகட்டைத் திருப்பி, அந்த ஓட்டையைப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்தில் தொடங்கி உள்ளங்கை அளவுக்குக் கிழிந்த ஓட்டை. முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது.

துரை கேட்டதற்குப் பக்கிரிசாமி பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? கண்ணால் கண்டதைச் சொன்னார். அம்மா கட்டைவிரலால் தேய்த்து எதையோ அழித்தார். என்னவென்று தான் பார்க்கவில்லை.

"என்னத்தை அழிச்சீங்கன்னு கேக்குறாரு அக்கா. கப்பலா? துறைமுகமா? கோட்டையா?"

"ஒரு பொம்பளைப் புள்ள முகம்" என்றாள் ஹாஜரா. "அவங்க பர்தா உள்ளவங்க. பெட்டி மாறிப் போச்சு."

துரை அதைக் கேட்டு நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"யாரு அந்தப் பொண்ணுன்னு கேக்குறாரு." பக்கிரிசாமி ஓர் அடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பேரைச் சொல்லிருங்க. நான் நேரா அந்த வீட்டுக்குப் போயி, படம் எடுத்தது உண்மையான்னு ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன். அண்ணனை இங்கயே விட்டுருவாங்க. பேருதானே அக்கா? ஒரு பேரு."

அந்தப் பெயர் ஹாஜராவின் தொண்டைக்கு வந்துவிட்டது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே தொப்பி இல்லாமல், சட்டையெல்லாம் மருந்துத் தண்ணீர் தெறித்து நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். சிறைச் சுவரோரம் அவரை நிறுத்திவைத்தது போல இருந்தது. வாயைத் திறந்தாள்.

"ஹாஜரா" என்றார் நூர் முகம்மது. "அது பச்சை நூல் கட்டின பெட்டியா?"

"கட்டியிருந்த பெட்டி. நான்தான் பயந்துபோய் அவுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு..."

அவர் பக்கிரிசாமியிடம் திரும்பினார்.

"தம்பி, துரைகிட்ட சொல்லுங்க. நூல் கட்டின பெட்டி எங்க வீட்டுல எனக்கு இல்ல. அதுக்குள்ள யாரு இருந்தாங்கன்னு நான் கேக்கக் கூடாது. நானே கேக்காததை அவர் எப்படிக் கேப்பாரு? என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"அண்ணே, வெளையாடுறீங்களா? எங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார் அவர். உள்ளே போய்த் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஹாஜராவின் பக்கத்தில் வந்தபோது, அவள் மட்டும் கேட்கும்படி, "ஊசி குத்தினாப்ல வந்திருந்துச்சு பாத்தியா, ஒவ்வொண்ணும்?" என்றார். அவள் தலையசைத்தாள். வேறு எதுவும் பேச நேரமில்லை.

துரை முன்னால் நடந்தார். இரண்டு காவலர்களுக்கு நடுவில் நூர் முகம்மது. கடைசியில் பக்கிரிசாமி, சாட்சிப் பொருளாக அந்தத் தகட்டை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புழுக்கமான காற்று வீசிற்று.

ஹாஜரா முக்காடு நழுவுவதையும் பார்க்காமல் தெருவுக்கு ஓடினாள்.

"தம்பி! அப்படிப் பிடிக்காதீங்க! பூச்சு இன்னும் காயல! படுக்கையாப் பிடிங்க, சாய்ச்சா வழிஞ்சிரும்! அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்!"

எல்லா ஜன்னல்களும் அடைத்திருந்த தெரு. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. பக்கிரிசாமி மட்டும் நின்றார். தகட்டை இரண்டு கைகளிலும் படுக்க வைத்து, விளிம்பு வரை நிறைந்த கஞ்சிக் கிண்ணத்தை ஏந்துவது போல மட்டமாக ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார். மற்றவர்கள் அவருக்காக நிற்கவில்லை. அவர் பின்தங்கிப் பின்தங்கிப் போனார். பிறகு, முன்னால் போனவர்கள் தெரு முனையில் திரும்பியதும், துரை அதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பக்கிரிசாமி ஓடத் தொடங்கினார்.

ஓடும்போது தகட்டை எப்படிப் பிடித்திருந்தார் என்பது ஹாஜரா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.